பற்ற வைத்துக் கொடுத்தவள்

என் வீட்டுக்காரர் என்னை ஏமாற்றுகிறார் என்ற சந்தேகம் எனக்கு முதன்முதலில் வந்தது, அவர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தபோதுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் பாயை விரித்துப் படுத்திருந்தார். கட்டுப்போட்ட இடது கால் தலையணை மேல் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பீடியை விட்ட மனிதன் இப்படியா தூங்குவான்? விட்ட புதிதில் அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். கூடத்துக்கும் மாட்டுக்கொட்டாய்க்கும் நொண்டி நொண்டி நடப்பார். உட்காருவார், உடனே எழுந்திருப்பார். "நெஞ்சுக்குள்ள எறும்பு ஊர்ற மாரி இருக்குதுடி" என்பார். அந்த எறும்பெல்லாம் எங்கே போயிற்று? எறும்பு சும்மா போகாது. எங்கேயோ அதற்குச் சர்க்கரை கிடைத்திருக்கிறது.

சத்தமில்லாமல் பக்கத்தில் போய்க் குனிந்து அவர் வாயை முகர்ந்தேன். கண்ணைத் திறந்துவிட்டார்.

"இன்னாடி?"

"ஈ உக்காந்துது."

"ஈய மூக்காலயா ஓட்டுவ?"

நான் உள்ளே போய்விட்டேன். பீடி நாற்றம் இல்லை. ஆனால் நாற்றம் இல்லாததுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. அத்தனை வருசம் குடித்த வாயில் பழைய நாற்றமாவது கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டாமா? எதையோ மென்று மறைக்கிறார் என்று தோன்றியது.

நான் அதிகம் பேசாதவள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, வாய் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது என்று என் மகள் கேலி செய்வாள். பேசாதவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு, பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் முடிவு கட்டிவிடுவோம்.

காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரும்பு வெட்டிய கொல்லையில் நடந்தபோது அவருடைய கட்டைவிரலுக்குப் பக்கத்து விரலில் ஒரு கீறல் விழுந்தது. மஞ்சள் வைத்தோம், வேப்பிலை அரைத்து வைத்தோம், ஆறவில்லை. விரல் நுனி கறுத்துக்கொண்டு வந்தது. தொட்டால் கால் சில்லென்று இருந்தது. சங்கராபுரத்தில் காட்டினோம், அவர்கள் கள்ளக்குறிச்சிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகள் வயது இருக்கும். இரண்டு பாதத்தையும் மாறி மாறி அழுத்திப் பார்த்துவிட்டு, "எத்தினி வருசமா பீடி குடிக்கிறீங்க ஐயா?" என்று கேட்டாள்.

"மீசை மொளைக்கறதுக்கு முன்னாலேர்ந்து" என்றார் இவர், பெருமையாக.

"அதான் காலுக்கு ரத்தம் போற குழாய் சுருங்கிப் போச்சு. இனிமே ஒரு பீடி குடிச்சாலும் இந்த வெரலு போவும். அப்புறம் பாதம் போவும். அதுக்கு மேல முட்டி வரைக்கும் எடுக்கணும். நான் பயமுறுத்தல, இருக்கறதச் சொல்றேன்."

அவர் முகத்திலிருந்து பெருமை வடிந்துபோனதை நான் பார்த்தேன். காலில்லாமல் அவரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்கு இருப்பது கொஞ்சம் நிலமும் இரண்டு மாடும் அவருடைய காலும்தான்.

"வூட்ல வேற யாராவது குடிக்கிறாங்களா? பொகை பக்கத்துல இருந்தாலும் ஆவாது."

"எங்க வூட்ல நான் ஒருத்தன்தான் டாக்டரம்மா. இவ கோயிலுக்குப் போற பொம்பள."

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளி மனுசர்கள் முன்னால் எனக்கு அதுதான் வரும். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே பஸ் ஸ்டாண்டில் குப்பைத் தொட்டியில் பீடிக் கட்டை நூலோடு வீசினார். கூட எறிவதற்கு அவரிடம் தீப்பெட்டி இல்லை. வெளியே போனால் யாரிடமாவது நெருப்பு வாங்கிக்கொள்வார், வீட்டில் இருக்கிற நேரத்தில் அவருக்குத் தீப்பெட்டி நான்தான்.

இது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில், மாட்டுக்கொட்டாயில் இருந்தபடியே "இந்தாடி, இத்த பத்த வச்சுக்கினு வா" என்று பீடியை நீட்டினார். கை முழுக்கச் சாணி. நான் தீப்பெட்டியைத் தேடினேன். மாமியார், "அடுப்பு எரிஞ்சுக்கினு இருக்குது, குச்சிய ஏன் கிழிக்கற?" என்றார். அடுப்புக் கங்கில் வெறுமனே நீட்டினால் பீடி கருகுமே தவிரப் பிடிக்காது. வாயில் வைத்து இழுக்க வேண்டும். அதையும் மாமியாரே சொல்லிக் கொடுத்தார். நான் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அடுப்புக்குள் தலையை விடுவதுபோலக் குனிந்து இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. பிடிப்பதற்கு ஓர் இழுப்பு. அணையாமல் இருக்க இன்னோர் இழுப்பு. பீடி சிகரெட் மாதிரி இல்லை, விட்டால் அணைந்துவிடும், அதனால் கூடத்தைத் தாண்டிக் கொட்டாய்க்குப் போகிற வழியில் இன்னொன்று. கேஸ் அடுப்பு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. விடிந்ததும் டீக்கு முன்னால், பால் கறந்த பிறகு, சோறு தின்ற பிறகு, மாடு கட்டிய பிறகு. கரும்பு வெட்ட ஆள் வராவிட்டால் ஒன்று. மழை வந்தால் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று நான் அடுப்பை விட்டு நகரவே இல்லை.

அவருக்குப் படபடப்பு வந்தால் பீடி கேட்பார். நான் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் எனக்கும் நெஞ்சு அடங்கும். அவர் நிம்மதியானதைப் பார்த்து வந்த நிம்மதி என்று நினைத்துக்கொள்வேன். புருசன் பெண்டாட்டி என்றால் அப்படித்தானே.

அதைக் குடிப்பது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. குழம்பில் உப்புப் பார்த்தவளைச் சாப்பிட்டுவிட்டாள் என்று யாராவது சொல்வார்களா?

அவர் விட்ட புதிதில் இரண்டு பேரும் சேர்ந்தேதான் தவித்தோம். அவர் தவிப்பது பீடிக்கு, நான் தவிப்பது அவர் காலுக்கு என்று இருந்தேன். பாலைப் பொங்க விட்டேன். தூக்கம் வரவில்லை. கிணற்றடியில் வாளி விழுந்த சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் சண்டை வருவதும் புதிதில்லை. ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்கால வெள்ளிக்கிழமைகளிலும் பெரிய வாரம் முழுக்கவும் அவர் பீடியைத் தொடமாட்டார். அது அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த ஒறுத்தல். அந்த நாள்களில் எங்கள் வீட்டில் பாத்திரம் உருளாமல் இருந்ததில்லை. சிலுவைப்பாதைக்குப் போகிற வழியிலேயே இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு போவோம். "ஏசு சுமக்கறது ஒரு சிலுவ. அங்க பாரு, ஒண்ண ஒண்ணு சுமந்துக்கினு போற ரெண்டு சிலுவ" என்று எதிர்வீட்டுக்காரி சிரிப்பாள். ஈஸ்டர் பூசை முடிந்து விடியற்காலையில் வீட்டுக்கு வந்து, அடுப்பை மூட்டி, அவருக்கு முதல் பீடியைப் பற்ற வைத்துக் கொடுப்பேன். உடனே வீட்டில் சமாதானம் வந்துவிடும். உயிர்த்த ஆண்டவர் கொடுத்த சமாதானம் என்று நான் கும்பிட்டுக்கொள்வேன்.

இந்தத் தடவை ஈஸ்டரும் இல்லை, பீடியும் இல்லை. ஆனால் அவருக்கு மட்டும் சமாதானம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நாளாக நாளாக ஜாஸ்திதான் ஆனது. அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், அவர் என்னிடம் பொய் சொல்கிறார், அது என் நெஞ்சுக்குத் தெரிகிறது, அதனால்தான் அது இப்படி அடித்துக்கொள்கிறது என்று. என் நெஞ்சை நான் அவ்வளவு நம்பினேன்.

அவருடைய துண்டை முகர்ந்தேன். சட்டையை முகர்ந்தேன். விரல் நகத்தைப் பார்த்தேன். சட்டைப் பையில் கைவிட்டதில் கொத்தமல்லி விதை கொஞ்சம் கிடைத்தது. சமையல்கட்டு டப்பாவில் இருக்க வேண்டிய மல்லி சட்டைப் பையில் ஏன் இருக்கிறது? வாய் நாற்றத்தை மறைக்கத்தான். எனக்கு வேறு காரணமே தோன்றவில்லை.

கோடையில் கல்வராயன் மலைப் பக்கம் புல்லுக்குத் தீ வைப்பார்கள். சாயங்காலம் காற்று திரும்பினால் எங்கள் ஊர் வரை வாசனை வரும். ஒருநாள் அப்படி வந்தபோது நான் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

"பொக நாத்தம் வருது."

"வரும். மலையில எரியுது பாரு."

"எனக்குக் கிட்டக்க வர்ற மாரி இருக்குது."

அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பிடின்னா போய் அத்த மோந்து பாரு. மலையும் திருட்டுத்தனமா பீடி குடிக்குதுன்னு வந்து சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்க வைத்துப் பேச்சை மாற்றுகிறார் என்று தோன்றியது.

தினமும் பத்து மணிக்கு மேல் டீக்கடைக்குப் போவார். நான் கடைப்பக்கம் போகிறவள் இல்லை. ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும் இடம். இருந்தாலும் ஒருநாள் பின்னாலேயே போய், எதிரே இருந்த கரண்ட் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் டீயைக் குடித்தார், பேப்பர் பார்த்தார், எழுந்து போனார். போன பிறகு கடைக்காரப் பையன் குரல் கொடுத்தான்.

"பெரிம்மா, இன்னா வெய்யில்ல நின்னுக்கினு இருக்கீங்க? உள்ள வாங்க."

நான் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, வாசலிலேயே நின்று மெதுவாகக் கேட்டேன். "அவரு தெனம் வராரா?"

"தெனம் வருவாரே."

"வந்து?"

"டீ குடிப்பாரு."

"அப்புறம்?"

"பேப்பர் படிப்பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னிக்கு நீங்க கம்பத்துக்குப் பின்னால நிக்கறதப் பாத்துட்டு, 'பாவம், வெய்யில்ல நிக்கறா, நான் கெளம்பனாத்தான் அவ போவா'ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு."

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த வெட்கத்தைவிட வேறொன்று பெரிதாக வந்தது. என்னைப் பார்த்துவிட்டார் என்றால், எனக்காக நடித்திருக்கிறார். கடைக்காரனும் அதற்குக் கூட்டு.

சந்தேகம் அவரோடு நிற்கவில்லை. பால் ஊற்றுகிற இடத்தில் அளவு கம்மியாக எழுதுகிறார்கள் என்று தோன்றியது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினால் என்னைப் பார்த்துத்தான் சாத்துகிறாள் என்று தோன்றியது. கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தில் "பிறர் குற்றம் பார்க்கிறவர்கள்" என்றபோது, யார் போய் என்னைப் பற்றிச் சொன்னது என்று பூசை முடியும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். வந்ததும் வராததுமாக என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, நீ அப்பாவ மோந்து பாக்கறியாமே? சந்தையில பலாப்பழம் வாங்கற மாரி?"

"உங்கிட்ட யாரு சொன்னது?"

"யாரோ. ஊரே சொல்லுது. நீ போலீசுல சேந்திருக்கணும்மா. நாய் வாங்கற செலவு மிச்சம்."

"அவரு குடிக்கிறாருடி. எனக்குத் தெரியும்."

"பாத்தியா?"

"பாக்கல. ஆனா நெஞ்சு சொல்லுது."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். "அப்பா நல்லாத்தான் இருக்காரு. முன்னவிட நல்லா இருக்காரு. நீதான்மா சரியில்ல. இங்க பாரு, கை எப்பிடி நடுங்குது. மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்குது. டாக்டர்கிட்ட போவலாம் வா."

நான் கையை இழுத்துக்கொண்டேன். அப்பனும் மகளும் பேசி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். கண்டுபிடித்தவளைப் பைத்தியமாக்கிவிட்டால் குடிக்கிறவன் தப்பித்துக்கொள்வான்.

எங்கள் கரும்புக் கொல்லையில் மோட்டார் கொட்டாய் ஒன்று இருக்கிறது. நாலு சுவர், ஒரு தகரக் கூரை. வாசலில் உட்கார்ந்தால் நேரே மலை தெரியும். அவர் அங்கே உட்கார்ந்து குடிப்பது வழக்கம். கால் வலி வந்த பிறகு அவ்வளவு தூரம் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தார். சொல்லியிருந்தார், அவ்வளவுதான். நான் அடுத்த நாள் புல்லறுக்கப் போகிறேன் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். தரையைப் பார்த்தேன், பழைய துண்டுகள் மக்கிக் கிடந்தன. ஓட்டையிலெல்லாம் கைவிட்டேன். கடைசியில் ஸ்டார்ட்டர் பெட்டி மேல் கண் போனது. மோட்டார் ஓடினால் அந்தப் பெட்டி சூடாகும். பீடி நமுத்துப்போகாமல் இருக்க ஆம்பளைகள் அதன் தலையில்தான் வைப்பார்கள். எட்டிக் கைவிட்டேன். கிடைத்தது. பாதிக் கட்டு.

அதன் மேல் சிலந்திக்கூடு பின்னியிருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை, நான் அதைப் பார்த்தேன். முந்தானையால் துடைத்தும் விட்டேன். சிலந்திக்கு ஒரு கூடு கட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பீடிக் கட்டை அவர் முன்னால் போட்டேன்.

"இது இன்னா?"

எடுத்துப் பார்த்தார். "இது எங்க இருந்துது?"

"உனக்குத் தெரியாதா?" வாழ்க்கையில் அவரை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனித்தோம்.

"கொட்டாயில இருந்துதா? அது எப்பவோ வச்சது. நான் மறந்தே போய்ட்டன்."

"மறந்து போய்ட்டியா? உனக்குப் பீடி மறக்குமா?"

"ஆண்டவர் சத்தியமா நான் தொடல."

"தொடாதவன் எப்பிடித் தூங்குவான்? எப்பிடிச் சிரிப்பான்? எனக்கு ராத்திரி பகல் நெஞ்சு அடிச்சுக்குது. நீ பாட்டுக்கு நிம்மதியா இருக்கற. நிம்மதி எங்க இருந்துடா வந்துது உனக்கு?"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், குரல் இறங்கிப்போகும். பீடிக் கட்டிலிருந்து ஒன்றை உருவி என் முன்னால் நீட்டினார்.

"நம்ப மாட்ட இல்ல? சரி. இந்தா. பத்த வச்சுக் குடு. இத்தினி வருசமா நீதான பத்த வச்சுக் குடுத்த. இன்னிக்கும் குடு. கால் போனா போவுது, உனக்குச் சந்தேகம் தீந்தா போதும்."

நான் வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பற்ற வைத்து நீட்டுகிறேன், கை நீட்டி வாங்குகிறாரா பார்க்கலாம், வாங்கினால் இத்தனை நாள் குடித்தது உறுதி என்பது என் கணக்கு. இவளால் முடியாது, கொடுக்கமாட்டாள் என்பது அவர் கணக்கு. நடுவில் அந்தக் காலைப் பற்றி இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

சமையல்கட்டுக்குப் போனேன். கேஸைத் திருகினேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தேன். பிடிப்பதற்கு ஓர் இழுப்பு. அணையாமல் இருக்க இன்னோர் இழுப்பு.

அப்போது ஒன்று நடந்தது. எத்தனையோ நாளாக நெஞ்சுக்குள் யாரோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டதுபோல இருந்தது. தோள் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தில் அணில் ஓடியது, அது தெரிந்தது. பால் ஊற்றுகிற இடத்துக்காரன் நல்லவன் என்று தோன்றியது. எதிர்வீட்டுக்காரி வெயிலுக்குத்தான் ஜன்னலைச் சாத்துகிறாள் என்று தோன்றியது. மகளுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் குடிக்கவில்லை, பாவம், சிலந்திக்கூடுதான் இருந்ததே என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

"எனக்குக் குடுக்கலயா?"

திரும்பினேன். வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை.

"எத்த?" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாதிப் பீடி தீர்ந்திருந்தது.

"அடிப்பாவி" என்றார். முதலில் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "நான் திருடன்னு ஊர் பூரா தேடன. திருடி இங்க இருக்கறா." அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும்.

என் கை நடுங்கவில்லை. காலையிலிருந்து தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியாமல் நடுங்கிய கை, பாறை மாதிரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் பயந்தேன். அவருடைய நிம்மதியைப் பார்த்துச் சந்தேகப்பட்டவள் நான். இப்போது என்னுடைய நிம்மதியைப் பார்த்துச் சந்தேகப்பட்டேன். இவ்வளவு சீக்கிரம், இரண்டு இழுப்பில் வருகிற நிம்மதி எனக்குச் சொந்தமானதா? வெள்ளிக்கிழமைச் சண்டையெல்லாம் ஞாபகம் வந்தது. ஈஸ்டர் சமாதானம் ஞாபகம் வந்தது. பீடி கொடுத்த சமாதானத்துக்கு நான் ஆண்டவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

புகை அவர் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் மூக்கு விரிந்தது. கை மெதுவாக என் பக்கமாக நீண்டது. பிடுங்கி எறிவதற்கு நீண்டதா, வாங்கிக்கொள்வதற்கு நீண்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. பக்கத்தில் அரிசி கழுவிய தண்ணீர் இருந்தது. பீடியை அதில் அமுக்கினேன். பீடிக் கட்டை எடுத்து வந்து மிச்சத்தையும் அதிலேயே போட்டுக் கையால் கரைத்தேன். மாட்டுக்கு வைக்க வேண்டிய தண்ணீர் வீணாகப் போனது.

அடுப்புமேடைக்குக் கீழே இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

"எத்தினி நாளாடி?" என்றார்.

"நீங்க மொதல்ல நீட்டனீங்களே, அன்னிலேர்ந்து."

அவர் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டார். அப்புறம் அவர்தான் ஆரம்பித்தார். "எனக்கு ஒண்ணு தெரிஞ்சுதுடி, இத்த விட்ட பொறவு. மனசு சரியில்லன்னு குடிக்கறோம்னு நெனச்சன். மனசச் சரியில்லாம பண்றதே அதான். சோறு போடறதும் அது, பசியப் போடறதும் அது. நடுவுல நாம, அதுக்கு நன்றி சொல்லிக்கினு இருந்தோம்."

"அப்பறம் எனக்கு மட்டும் ஏன் அடங்கல?"

"எனக்கு வந்தது பீடின்னு எனக்குத் தெரியும். வந்தா இது அதான்னு சொல்லிக்குவன், கொஞ்ச நேரத்துல போய்டும். உனக்கு இன்னான்னே தெரியல. அதான் என்னப் புடிச்சுக்கின."

சட்டைப் பையில் கைவிட்டார். கொத்தமல்லி விதை கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். "வாயில போட்டு மெல்லு. ஒடனே முழுங்காத. ஊறல் வரும்போதெல்லாம் ரெண்டு."

அதற்குப் பிறகு நான் பட்டதை எழுத வேண்டியதில்லை. அவர் பட்டதையேதான் பட்டேன். ஒரே வித்தியாசம், யார்மேலாவது சந்தேகம் வந்தால் அவர் கேட்பார், "இது எதிர்வீட்டுக்காரியா, பீடியா?" நான் மென்றுகொண்டே யோசிப்பேன். முக்கால்வாசி பீடியாக இருக்கும். சில நேரம் எதிர்வீட்டுக்காரியாகவும் இருந்திருக்கிறது.

அடுத்த தடவை கள்ளக்குறிச்சி போனபோது, அவருடைய விரல் நுனியை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது. சூடு வந்திருக்கிறது, ரத்தம் போகிறது என்றாள் அந்த டாக்டர் பெண். "விட்டுட்டீங்களா ஐயா, உண்மையா?" என்று அவரைக் கேட்டாள். "வூட்ல வேற யாரும் குடிக்கலயே?" அவர் வாயைத் திறப்பதற்குள் நான், "நானும்தான்" என்றேன். அவள் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. முகம் சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பற்ற வைத்துக் கொடுத்ததைச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எத்தினி வருசமாம்மா?"

"கல்யாணத்துலேர்ந்து டாக்டரம்மா" என்றார் இவர். "எல்லாரும் பொண்ணு வூட்ல சீர் வாங்குவாங்க. நான் குடுத்தன்."

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. என் மார்பில் குழாய் வைத்துக் கேட்டாள். இந்த மாதிரி வருகிற பொம்பளைகளிடம் இனிமேல் வேறு விதமாகக் கேட்கிறேன் என்றாள்.

இப்போது என் நெஞ்சு அவ்வளவாக அடித்துக்கொள்வதில்லை. அடித்தாலும் அது சொல்வதை நான் உடனே நம்புவதில்லை. முன்னால் பீடியின் வாயாகப் பேசிப் பழகிய நெஞ்சு அது.

போன வாரம் மதியம், சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் நான் கண்ணயர்ந்திருந்தேன். முகத்துக்குக் கிட்டே மூச்சுக் காற்று படவும் விழித்தேன். அவர் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்மேல் குனிந்திருந்தார்.

"இன்னா?"

"ஈ" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் நடந்து போகிற சத்தம் கேட்டது. இரண்டு காலும் தரையில் படுகிற சத்தம். அது தூரமாகப் போன பிறகு எழுந்தேன். கொடியில் கிடந்த அவர் துண்டை எடுத்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன். வெயிலும் மாட்டு வாசனையும்தான் இருந்தது. திரும்ப வந்து படுத்துக்கொண்டேன்.